புல் கூரையின் மேல் மாடுகள்

அவர்கள் என்னிடம் வைத்த முதல் நிபந்தனையே, வீடு வெளியே தெரியக் கூடாது என்பதுதான்.

கணவன், மனைவி இரண்டே பேர். மதுரையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர் வங்கியில் இருந்தவர், அவர் மனைவி கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். வேலை நடந்த இடத்தில் கொத்தனார்கள் அவர்களை பேங்க் சார், டீச்சரம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது. கொடைக்கானலிலிருந்து மேல்மலைப் பக்கம் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு சரிவில், பூண்டு போடும் குடும்பம் ஒன்றிடமிருந்து பழைய பேரிக்காய்த் தோட்டத்தை வாங்கியிருந்தார்கள்.

கொடைக்கானலில் நான் வீடு வரைந்து கொடுக்கத் தொடங்கி அப்போது பதினாறு வருடம். என்னிடம் வருகிறவர்கள் ஏரி தெரிய வேண்டும், பள்ளத்தாக்கு தெரிய வேண்டும், ரோட்டில் போகிறவன் நின்று பார்க்கிற மாதிரி வீடு எடுப்பாக இருக்க வேண்டும் என்பார்கள். டீச்சரம்மா மட்டும் சரிவின் உச்சியில், தார் ரோட்டோரம் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு, "இங்க நின்னு பார்த்தா இந்த மலை மட்டும்தான் தெரியணும். நாங்க வந்து கெடுத்துட்டோம்னு இருக்கக் கூடாது" என்றார். பதினாறு வருடமாக இப்படி ஒருவர் கேட்பதற்குத்தான் காத்திருந்தேனோ என்று தோன்றியது. ஊர் திரும்புகிற வளைவுகளிலேயே பாதி வீட்டை மனதுக்குள் வரைந்துவிட்டேன்.

சரிவைக் குடைந்து வீட்டை உள்ளே தள்ளினேன். பின்னால் மண்ணைத் தாங்கக் கருங்கல் சுவர். முன்னால் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கண்ணாடி. மேலே கான்கிரீட் தளம், அதன் மேல் தண்ணீர் இறங்காத பூச்சு, ஜல்லி, ஓரடி மண். அந்த மண்ணில், தோண்டும்போது பெயர்த்து வைத்த அதே சரிவின் புல். மேலேயிருந்து இறங்கி வருகிறவருக்கு, மலை எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று காலுக்குக்கூடத் தெரியாது. கூரையின் முன்விளிம்பு, சுவரைத் தாண்டி ஐந்தடி வெளியே நீண்டிருந்தது. அந்த விளிம்பில் கம்பித் தடுப்பு வைத்தால் வெயிலில் மின்னும் என்று, அதற்குப் பதிலாக அடர்த்தியான புதர்களை வரிசையாக நட்டேன். கார் நிற்க இடமும் தண்ணீர்த் தொட்டியும் கிழக்கு ஓரத்தில், அவையும் சரிவை எட்டடி ஆழம் வெட்டி இறக்கப்பட்டவை.

தளம் எடை தாங்கக் கம்பிக் கணக்கு போட்டவர் திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு இன்ஜினியர். நிதானமான மனிதர். "நனைஞ்ச மண்ணோட எடைக்குப் போட்டுட்டேன் மேடம். வேற ஏதாவது கூரையில ஏறுமா?" என்று கேட்டார். "சாயங்காலம் நாலு பேர் நின்னு மேகத்தைப் பார்ப்பாங்க சார், அவ்வளவுதான்" என்றேன். நாலு பேர் என்றதை அவர் இருபது பேர் என்று எழுதிக்கொண்டார். அது அவர் பழக்கம்.

நிலத்தை விற்ற குடும்பத்தின் பூண்டுத் தோட்டம் மேற்கே ஒட்டினாற்போல் இருந்தது. அந்தத் தோட்டத்து அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். காலையில் களை எடுக்க வந்தால் கட்டட வேலையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். தளம் போட்டு மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்த அன்று, "மேல வேலி போடலையா மேடம்?" என்று கேட்டார்.

"வேலி போட்டா வீடு இருக்கிறது தெரிஞ்சிடும்க்கா. யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடு."

"மாட்டுக்கும் தெரியாதுல்ல?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேல்மலையில் மாடு என்றால் காட்டெருமையும்தான். அது எனக்குத் தெரியாததா என்ன? பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே காட்டெருமை நின்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் அக்கா சொன்னதை நான் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பிறகு இரண்டு மூன்று இடங்களில் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

தை மாதம் அவர்கள் குடிவந்தார்கள். ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தவர் ரோட்டிலிருந்து போன் செய்து, "மேடம், வீடு எங்க? லொகேஷன் தப்பா அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்கு நேர் மேலே நின்றுகொண்டுதான் கேட்டார். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

கவலை எனக்குப் புதிதல்ல. சாவியைக் கொடுத்த பிறகு எந்த வீட்டையும் என்னால் விட முடிவதில்லை. மழை தொடங்கினால் கை தானாகப் போனைத் தேடும். எங்கே ஒழுகுமோ, எந்தச் சுவர் ஈரம் இழுக்குமோ என்று ஒவ்வொரு வீடாக மனதில் நடப்பேன். இந்த வீட்டைச் சரிவுக்குள் குடைந்து இறக்கியிருந்ததால் அதன் பின்சுவரைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். கூரையைப் பற்றிப் பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. மூன்று நாளாக விடாத மழை அன்று காலையில்தான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஏழு மணிக்கு முன்பே போன் வந்தது. டீச்சரம்மா. குரலை அடக்கிப் பேசினார்.

"மேடம், எங்க கூரை மேல மாடு நிக்குது."

"ஒண்ணா?"

"நான் எட்டு எண்ணினேன். ஒரு கன்னுக்குட்டி இருக்கு. வாசல்ல எறங்கி எட்டிப் பார்த்தேன், ஓரத்துலேருந்து ஒண்ணு என்னையே பார்த்துச்சு. உள்ள ஓடி வந்துட்டேன்."

அவரிடம் என்ன சொல்வது? வீட்டுக்குள்ளே இருங்கள் என்றால் தலைக்கு மேலே தளம். வெளியே வாருங்கள் என்றால் குட்டியோடு நிற்கிற மாடு. குட்டியுள்ள மாட்டின் குறுக்கே போய்க் குத்துப்பட்டவர்கள் எங்கள் மலையில் எத்தனையோ பேர். வளர்ந்த ஆண் ஒன்று ஒரு டன்னை நெருங்கும். எட்டு. கீழே மூன்று நாள் தண்ணீர் குடித்த மண்.

வீட்டின் வரைபடம் என் கண்ணுக்குள் விரிந்தது. ஹால்தான் அகலமானது, அதுதான் மோசம். பின்பக்கக் குளியலறை இரண்டு கருங்கல் சுவர்களுக்கு நடுவே குறுகலாக இருப்பது. "ரெண்டு பேரும் பின்னால பாத்ரூமுக்குப் போயிடுங்க. நான் வர்ற வரைக்கும் ஹாலுக்கு வராதீங்க. தயவுசெஞ்சு."

"கூரை தாங்கும்தானே?"

"தாங்கும். சும்மா ஒரு ஜாக்கிரதைக்கு" என்றேன்.

காரை எடுத்துக்கொண்டே இன்ஜினியரைக் கூப்பிட்டேன். கூரையில் எட்டு மாடு நிற்பதைச் சொன்னதும், மண் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று கேட்டார். பிறகு, "ஹால் நடுவுலயா, முன் ஓரத்துலயா?" என்றார்.

"ஓரத்துலயும் இருக்கு போல சார்."

"நாம இருபது பேருக்குப் போட்டோம். மேஞ்சுக்கிட்டு நின்னா தாங்கும்னுதான் நெனக்கிறேன். ஆனா ஓட விட்டுறாதீங்க மேடம். நிக்கிற எடை வேற, குதிச்சு ஓடுற எடை வேற. யாரும் வெரட்டாம பார்த்துக்குங்க, அது ஒண்ணுதான்…"

அதோடு சிக்னல் போய்விட்டது.

அந்தச் சாலையை அதற்கு முன் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். அன்றுபோல் நீண்டதில்லை. பைன் காட்டைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியிருந்தது. கேரட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது, வளைவுக்கு வளைவு அதை முந்தப் பார்த்து முந்த முடியாமல் பின்வாங்கினேன். நினைவு திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போயிற்று. விளிம்பில் கம்பித் தடுப்பு வேண்டாம் என்று சொன்னது நான். மாடு அந்தப் புதர்களைத் தின்றுகொண்டே காலை வைத்தால் கீழே பத்தடி. கண்ணாடிக்கு முன்னால் வந்து விழும். மாட்டை விடுங்கள், மனிதன் விழுந்திருந்தால்? டீச்சரம்மாவின் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறை முழுக்க அந்தக் கூரையில்தான் விளையாடினார்கள். மின்னும் என்று சொல்லி வேண்டாம் என்றேன்.

ரோட்டோரம் காரை நிறுத்தியபோது பத்துப் பேர் கூடியிருந்தார்கள். ஒருவர் கையில் தகர டப்பா. தோட்டத்து அக்காவின் கணவர் கையில் பட்டாசுச் சரமும் தீப்பெட்டியும். நான் கதவைக்கூட மூடாமல் ஓடிப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணே, வேண்டாம். வெடிக்காதீங்க."

"விடுங்க மேடம். வெள்ளனே வெரட்டி விட்டாத்தான் உண்டு. இல்லேன்னா அம்புட்டும் நம்ம பூண்டுக்குள்ளதான் எறங்கும்."

"கீழ ரெண்டு பேர் இருக்காங்கண்ணே. மாடு ஓடினா கூரை உக்காந்துடும்."

பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒருவர் சுற்றிலும் பார்த்தார். "கூரையா? இங்க எங்க வீடு இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் பட்டாசைக் கீழே இறக்கினார்.

எங்களுக்குக் கீழே நாற்பதடி தூரத்தில் அவை நின்றன. பனி விலகும்போது முதுகுகள் தெரிந்தன, மூடும்போது மறைந்தன. கறுத்துப் பளபளத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. அமைதியாகப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. இருப்பதிலேயே பெரியது விளிம்பை ஒட்டிப் புதரில் தலையை நுழைத்திருந்தது. அதன் ஒவ்வொரு அடியையும் நான் எண்ணினேன். குட்டி அதன் வயிற்றுக்கடியில்.

"மேலேயே திரும்பிப் போயிடாதா?" என்று கேட்டேன்.

தோட்டத்து அக்கா அப்போதுதான் தோட்டத்திலிருந்து ஏறி வந்தார். "எப்படிப் போகும்? மேல நாம இத்தனை பேர் நிக்கிறோம். இந்தப் பக்கம் என் கரண்ட் வேலி கெடக்கு. அந்தப் பக்கம் நீங்க காரு நிறுத்த வெட்டின பள்ளம். மாடு என்ன பறந்தா போகும்?"

"வழக்கமா எங்க போகும்?"

"நீங்க பள்ளம் வெட்டுனீங்கள்ல, அதுதான் வழக்கமான வழி. பேரிக்காய்த் தோட்டத்து ஓரமா எறங்கி, கீழ சோலையில ஊத்துக்குப் போகும். போன வருசம் கட்டட வேலைச் சத்தத்துல இந்தப் பக்கமே வரலை. இப்ப வந்திருக்கு, வழியைக் காணோம்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கனமாக எதுவோ தரையில் விழுந்தது போல ஒரு சத்தம். பெரிய மாடு பின்னால் நகர்ந்தது. அது நின்ற இடத்தில் புதரில் பாதியைக் காணவில்லை.

போனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. மறுபடி. நான் சரிவில் இறங்கப் போயிருக்கிறேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தது பிறகுதான் உறைத்தது. நான்காவது தடவை எடுத்தார்கள்.

"மண்ணு," என்றார் டீச்சரம்மா. மூச்சு வாங்கினார். "ஓரத்து மண்ணு செடியோட கண்ணாடி முன்னால விழுந்திருக்கு. நாங்க இருக்கோம். இவர்தான்… வெளிய போயிடலாம்னு நிக்கிறார். வெரசா ஏதாவது செய்யுங்க மேடம்."

நான் அழுதேன். பத்துப் பேருக்கு நடுவில் நின்று அழ எனக்கு வெட்கமாக இல்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கணவரிடம் திரும்பி, "வேலியத் தொறந்து விட்டுருவோம்" என்றார்.

"இப்பத்தான் மொளச்சு நிக்குது புள்ள."

"பூண்டை மறுபடி நட்டுக்கலாம். நீங்க போயி பேட்டரியை அணைச்சுட்டு அந்த ஓரத்துக் கம்பியைக் கழட்டுங்க. நான் கீழக் கம்பிக்குப் போறேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நீங்கள்லாம் சத்தம் போடாம அந்த வளைவு வரைக்கும் போங்க. ஒருத்தரும் எட்டிப் பார்க்கக் கூடாது" என்றார்.

அண்ணன் ஒரு நொடி தன் தோட்டத்தைப் பார்த்தார். அப்புறம் போனார்.

கம்பிகள் விழுந்த பிறகும் கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வளைவில், நான் விட்டு வந்த காரின் பின்னால் குந்தி, அதன் கண்ணாடி வழியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிராமத்துக்காரர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். முதலில் ஒரு மாடு தலையைத் தூக்கி மேற்கே பார்த்தது. நடந்தது. வேலி இருந்த இடத்தில் நின்று மோந்தது. பிறகு பூண்டுப் பாத்திக்குள் இறங்கியது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. குட்டி இடையில். பெரியது கடைசி. ஒன்றுகூட ஓடவில்லை. படிப்படியாக இருந்த பாத்திகளில் இறங்கி, சோலைக்குள் போய் மறைந்தன.

நான் ஓடினேன். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் பேங்க் சார் உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மா அவர் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தார். "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார் பேங்க் சார். டீச்சரம்மா நேராக ஹாலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீளும் இடத்தில், தளத்தின் அடியில் தலைமுடி போல ஒரு விரிசல். ஒரு முனையிலிருந்து மூன்றடி நீளம். அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழ யோசித்துக்கொண்டிருந்தது.

பேங்க் சார் அன்று மத்தியானமே டாக்சி பிடித்து மதுரைக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டார். டீச்சரம்மா போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஈரப் பாத்திகளில் குளம்புத் தடங்கள் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் கட்டிக் கிடந்தன. முளைகள் சேற்றுக்குள் போயிருந்தன. அக்கா குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்றார் டீச்சரம்மா என்னிடம், "கட்டும்போதே இவங்க மாட்டைப் பத்திச் சொன்னாங்களாமே. என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே?"

"வெளையாட்டா சொன்னாங்கன்னு நெனச்சுட்டேன்."

அக்கா நிமிர்ந்தார். "வெளையாட்டாத்தான் சொன்னேன். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வெவரமா சொல்லியிருப்பேன்ல?"

மண்ணின் சாய்வை அளந்தேன், காற்று எந்தப் பக்கம் வரும் என்று ஒரு வருடம் குறித்தேன், எந்தப் புல் எங்கே வளர்கிறது என்று படம் எடுத்தேன். பக்கத்தில் இருபது வருடமாகக் களை எடுக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரமே இன்ஜினியர் வந்து முன்விளிம்பின் கீழே இரும்பு முட்டுகளை நிறுத்தினார். விரிசல் மேலோட்டமானதுதான், கம்பி தாங்கியிருக்கிறது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவரை இரண்டாவது தடவையும் வரவழைத்தேன். மழை முடிந்ததும் விளிம்பை இரண்டு கருங்கல் தூண்களில் தாங்க வைத்தோம். கூரை தொடங்கும் இடத்தில் இடுப்பளவுக்குக் கல் சுவர் எழுப்பினோம். முன்விளிம்பில் கம்பித் தடுப்பும் வந்தது. கார் நிறுத்தும் பள்ளத்தை மண் போட்டு மூடி, தண்ணீர்த் தொட்டியைப் பின்னுக்குத் தள்ளி, கிழக்கு ஓரத்தைச் சரிவாகவே சோலை வரைக்கும் திறந்து விட்டோம். கார் இப்போது ரோட்டோரத்தில் நனைகிறது. மேலேயிருந்து பார்த்தால் வீடு தெரிகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது, யாரோ என் வரைபடத்தின் மேல் தடித்த பென்சிலால் கோடு போட்டது போல இருந்தது. வரவர அது பரவாயில்லை.

பாத்திகளை மறுபடி நட டீச்சரம்மாவும் நானும் இரண்டு காலை போனோம். அக்கா எங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் நட்ட வரிசையைப் பின்னாலேயே வந்து பாதியைப் பிடுங்கி நேராக வைத்தார்.

யாரிடமும் சொல்லாத ஒன்றும் உண்டு. இந்த வீடு எழும்பும்போதே பார்த்து ஆசைப்பட்டவர்களுக்காக, இதே மாதிரிப் புல் கூரையோடு இன்னும் இரண்டு வீடுகள் நான் கட்டியிருந்தேன். அந்தத் தீபாவளி வாரத்தில் இரண்டுக்கும் போனேன். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லி, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, ஜன்னலுக்கு வெளியே குளம்புத் தடம் தேடினேன். ஒரு வீட்டில் இல்லை. இன்னொன்றில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக இருந்தது. அந்த வீட்டுக்காரர்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லி, அங்கேயும் சுவர் எழுப்ப வைத்தேன். அவர்கள் முகத்தில் என் மேல் இருந்த மதிப்பு இறங்கியது தெரிந்தது. இறங்கட்டும் என்று இருந்தேன்.

பேங்க் சார் இப்போது மழைக்காலம் முழுக்க மதுரையில்தான். பனிக்காலம் வந்தால் மேலே வருவார். வந்தாலும் ஹாலில் படுப்பதில்லை. டீச்சரம்மா வருடம் முழுக்க அங்கேதான். விரிசலின் முனையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறார். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நான் கேட்டதால் தொடங்கியது. படம் வந்ததும் பெரிதாக்கிப் பார்ப்பேன். கோட்டைத் தாண்டவில்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை பார்ப்பேன்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு படம் வரவில்லை. வெளியே நல்ல மழை. பதினொரு மணி வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியாமல் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். கார் சாவியை எடுத்து வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"தோட்டத்து அக்கா வீட்டுல இருந்தேன் மேடம். பூண்டு உரிச்சுக்கிட்டே பேசிட்டிருந்தோம். என்ன, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க?"

"இன்னிக்குப் படம் வரலை."

"அட, ஞாயித்துக்கிழமையா இன்னிக்கு? சுத்தமா மறந்துட்டேன்" என்று சிரித்தார்.

சாயங்காலம் படம் வந்தது. விரிசல் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. நான் மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.